நூற்றுப் பதினெட்டுக்கும் நூற்று முப்பத்தொன்றுக்கும் நடுவில்

பங்குனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலைப் பலகாரம் முடிந்த கையோடு சின்னண்ணனும் அவர் மகள் கனிஷ்காவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். அவருடைய வலைப்பக்கம் இருந்த இலவச இடத்தை ஏப்ரல் கடைசியோடு மூடப்போவதாக அதை நடத்தியவர்கள் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். பக்கத்தை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். பெங்களூரில் அதே வேலையைச் செய்து சம்பளம் வாங்குகிற மகளுக்கு அது இருபது நிமிட வேலை.

“கரண்டு போறதுக்குள்ள முடிச்சிரு சாமி,” என்றார்.

கனிஷ்கா பக்கத்தைப் பிரவுசரில் திறந்தாள். இருநூற்றுப் பதினைந்து வரிசை கொண்ட ஒரே அட்டவணை. ஒவ்வொரு வரிசையும் அவர் முன்னின்று போட்ட ஒரு போர், ஆழ்துளைக் கிணறு. வரிசை எண், ஊர், சர்வே எண், எத்தனை அடி, எத்தனையாவது அடியில் தண்ணீர், எத்தனை இஞ்ச் தண்ணீர். தண்ணீர் வராத வரிசையில் ‘புகை’ என்று ஒரே சொல். பாறையைக் குடையும்போது ஈரம் இல்லாவிட்டால் வெறும் தூள்தான் மேலே வரும். அதைத்தான் இந்த ஊர்ப்பக்கம் புகை என்பார்கள். அட்டவணைக்கு மேலே மட்டும், மூச்சு விடாமல் ஒரு பத்தி ஓடிக்கொண்டிருந்தது.

“என்னப்பா இது மேல? தலையும் இல்லை காலும் இல்லை.”

அவருடைய கண்ணாடி டி.வி. மேல் இருந்தது. இருந்த இடத்திலிருந்தே திரையை எட்டிப் பார்த்தார். “குறிப்பு சாமி. நான் எழுதுனதுதான். இருக்கட்டும்.”

“ஒரு புள்ளி கூட வெக்கலை.”

“புள்ளி வெச்சாத்தான் போர்ல தண்ணி வருமா?”

கனிஷ்கா சிரித்தாள். பக்கத்தைப் பிரவுசரிலிருந்தே சேமித்தாள். மேலே இருந்த பத்தியை ஒரு வெளிர்மஞ்சள் பெட்டிக்குள் வைத்து, ‘குறிப்பு’ என்று தலைப்புக் கொடுத்தாள். புதிய இடத்தில் ஏற்றினாள். அவர் கம்ப்யூட்டரில் இருந்த பழைய கோப்பின் மேலேயே, அதே பெயரில், புதியதை எழுதினாள். இரண்டு கோப்பு இருந்தால் அப்பா குழம்பிப்போவார் என்று நினைத்தாள்.

“எழுதுனதெல்லாம் அப்படியே இருக்குதல்ல?”

“ஒரு எழுத்துக்கூடப் போகலைப்பா.”

சமையலறையிலிருந்து சென்னியம்மாள் குரல் கொடுத்தாள். “ஏனுங்க, அந்தப் புள்ளை வந்ததே ரெண்டு நாளு. அதையும் உங்க போருக்குள்ள எறக்கோணுமா?”

சின்னண்ணனுக்கு இடது காது கேட்காது. மனைவி எந்தப் பக்கம் நின்று பேசினாள் என்பதைப் பொறுத்துச் சில பேச்சுக்குப் பதில் வரும், சில பேச்சுக்குச் சிரிப்பு வரும். அன்று சிரிப்பு வந்தது.

அதன்பின் பதினோராம் நாள், திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகள் நிற்கிற தெருவில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. டம்ளர் பாதி காலியாக இருந்தது என்றார் கடைக்காரர். வயது அறுபத்து மூன்று.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் மேட்டாங்காடு அவர்கள் குடும்பத்துச் சொத்து. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வானம். பதினெட்டு வயதில் ரிக் வண்டியில் கைவேலைக்கு ஏறினார். ஆந்திரா, நாக்பூர், ராய்ப்பூர் என்று பதினாறு வருடம். கம்பி மாட்டுகிற ஆளாக இருந்து டிரில்லர் ஆனார். கம்ப்ரசர் பக்கம் இருந்த காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். பொங்கலுக்கும் தேர் நோம்பிக்கும் வருவார். வந்தால் வீடே அதிரப் பேசுவார். கனிஷ்கா பிறந்த வருடம் ரிக்கை விட்டு இறங்கி, ஊரிலேயே போர் ஏஜென்ட் ஆனார். தோட்டத்துக்காரருக்கு வண்டி பிடித்துக் கொடுத்து, போட்டு முடிக்கும்வரை கூட நிற்கிற வேலை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். தண்ணீர் வந்த போருக்கு மாலை போட்டுப் பூசை வைப்பார்கள், ஊருக்கே தெரியும். புகையாகப் போன போரை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். வண்டி கிளம்பும் முன்பே சோளத்தட்டு அள்ளிப்போட்டு மறைத்துவிடுவார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள் கேள்விப்பட்டால் காடு வறண்டது என்று முடிவாகிவிடும். அதனால் அடுத்த காட்டுக்காரர் அதே பாறையில், இருபது தப்படி தள்ளி, அதே எண்ணூறு அடியைத் திரும்பத் தோண்டுவார். ஒரே தடத்தில் ஆறு காடு, ஆறு போர், ஆறும் புகை. ஒருவருக்கும் மற்றவர் கதை தெரியாது. அது சின்னண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

இணையம் ஊருக்கு வந்த புதிதில், முப்பத்தொன்பதாவது வயதில், திருச்செங்கோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தார். காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில் முதல் பெஞ்சில், வலது காதை ஆசிரியர் பக்கம் திருப்பி உட்கார்ந்து, நோட்பேடில் வலைப்பக்கம் எழுதக் கற்றார். அட்டவணை போடுவது வரை கற்றார். அதற்கு மேல் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. எல்லாப் போரையும் ஒரு பக்கத்தில் போட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? “ஊடு ஊடாத் தண்டோராப் போட்டாப்பல பண்ணிப்போட்டயே” என்று வந்து கத்தினார்கள். ஆள் பெயரை எடுத்துவிட்டு சர்வே எண்ணை மட்டும் வைத்தார். புகையை எடுக்கவில்லை.

அந்தப் பக்கத்தை மாதத்துக்கு நாற்பது பேர் பார்த்தால் அதிகம். கனிஷ்கா கல்லூரியில் கணினி எடுத்தபோது காரணம் கேட்டவர்களிடம் வேறு ஏதோ சொன்னாள். உண்மையான காரணம் அந்த நோட்பேட்தான்.

காரியம் முடிந்த மறுநாள் பச்சமுத்து வந்தார். ரிக்கில் சின்னண்ணனோடு பதினாறு வருடம் நின்ற ஆள். இப்போது மாடு வைத்திருக்கிறார். வீட்டின் முன்கூடமான ஆசாரத்து ஓரத்தில் உட்கார்ந்து, சென்னியம்மாள் கொடுத்த காப்பியை ஆறவிட்டார்.

“பாப்பா, அண்ணன் ஒரு குழியப் பத்திச் சொல்லீட்டே இருந்தாரு. எதுன்னு உனக்குத் தெரியுமா?”

“எந்தக் குழிங்க மாமா?”

“பழைய புகைப் போருங்க. மூணு வருசமா அதுதான அவருக்கு வேலை. வாயில மண்ணு சரியாம எறக்குன கேசிங் பைப்பை உருவி வேற போருக்குப் போட்டுருவாங்க. மண்ணு சரிஞ்சு வாய் அகண்டு போயிரும். ஒவ்வொண்ணாத் தேடிப் போயி மூடி போட்டுட்டு வந்தாரு. கடைசியா ஒண்ணு பாக்கி, அது பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க நடக்கற தடத்து மேல இருக்குதுன்னாரு. எந்த ஊருன்னு கேட்டேன். ‘எல்லாம் பக்கத்துல எழுதி வெச்சிருக்கறேன், போ’ன்னுட்டாரு.”

பள்ளிக்கூடம் திறக்க இருபத்தைந்து நாள் இருந்தது.

கனிஷ்கா பக்கத்தைத் திறந்தாள். மஞ்சள் பெட்டிக்குள் அந்த வரி இருந்தது. ‘கேசிங் உருவிவிட்டார்கள் வாய் ஒன்றரை அடி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தடம் அளவு எடுத்தாச்சு மூடி போட வேண்டும்’. ஊர் இல்லை. எண் இல்லை. அதற்கு முன்னாலும் பின்னாலும் வேறு குறிப்புகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அட்டவணை எழுத ஒரு முறை உண்டு. எந்த எழுத்தானாலும் ஒரு வரிசைக்குள், அந்த வரிசையின் ஒரு கட்டத்துக்குள் இருக்க வேண்டும். சின்னண்ணன் ஒரு வரிசையை எழுதி முடித்து, அடுத்ததைத் தொடங்கும் முன்னால், நடுவில் வெறும் வரியாகக் குறிப்பை எழுதியிருந்தார். நோட்டில் எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும். எந்தப் போருக்குக் கீழே எழுதியிருக்கிறதோ அந்தப் போரைப் பற்றியது. ஊர் பெயர் எதற்கு? அவர் எப்போதும் நோட்பேடில்தான் படித்தார். அங்கே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

பிரவுசர் தப்பைக் கண்டால் நின்றுவிடாது, யாரையும் திட்டாது. எந்தக் கட்டத்திலும் சேராத எழுத்தைத் தூக்கிக்கொண்டு போய், அட்டவணைக்கு வெளியே, அதன் தலைமாட்டில் வைத்துவிடும். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எல்லாப் பிரவுசருக்கும் ஒரே விதி. விதியை எழுதியவர்கள் அதற்கு வளர்ப்புப் பெற்றோர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருக்க வேண்டிய இடத்தில் தாய் தகப்பன் இல்லாத எழுத்துக்கு மேலே ஒரு வீடு காட்டிவிடுகிறார்களாம். கனிஷ்கா அந்த விதியைத் தன்னிடம் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இரண்டு முறை பாடமாகவே எடுத்திருக்கிறாள்.

பிரவுசர் காட்டியதோடு போயிருந்தால் பரவாயில்லை. மூலக் கோப்பில் எல்லாம் சரியாக இருந்திருக்கும். ஆனால் பிரவுசரிலிருந்து ஒரு பக்கத்தைச் சேமித்தால், அது எழுதினதைச் சேமிக்காது. தான் புரிந்துகொண்டதைச் சேமிக்கும். அந்தக் கோப்பைத்தான் அவள் அப்பாவின் கோப்பின் மேல் எழுதினாள். பழைய இடம் ஏப்ரல் முப்பதோடு மூடியாகிவிட்டது. பழைய பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கிற தளங்களில் தேடினாள். மாதத்துக்கு நாற்பது பேர் பார்த்த பக்கத்தை யாரும் பிரதி எடுத்திருக்கவில்லை.

ஓர் எழுத்தும் போகவில்லை. இடம்தான் போயிருந்தது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த ஞாயிறு கழிந்து நாலைந்து நாளில் அப்பா போன் செய்தார். அவள் மீட்டிங்கில் இருந்தாள்.

“சாமி, நோட்பேட்ல எல்லாம் மேல ஏறிக் கெடக்குது.”

“பிரவுசர்ல சரியாத்தானே தெரியுது? நான் மே மாசம் வந்து பாக்கறேன்ப்பா.”

“செரி, செரி. நீ வேலையப் பாரு.”

அவருடைய குரல் அந்தப் போனில் கடைசியாகச் சொன்னது அவ்வளவுதான்.

சென்னியம்மாள் மகளின் முகத்தைப் பார்த்தாள். “என்ன கண்ணு?”

“அம்மா, அப்பா எழுதினதை நான் ஒழுங்கு பண்றேன்னு கெடுத்துட்டேன்.”

“அவரு எழுத்தை ஒழுங்கு பண்றதா? கட்டி முப்பத்தஞ்சு வருசத்துல என்னாலயே முடியலை.” சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

புகையாகப் போன வரிசைகளை மட்டும் கனிஷ்கா எண்ணினாள். அறுபத்தேழு. மூடினவை எவை, மூடாதவை எவை என்று அட்டவணையில் இல்லை. அறுபத்தேழு காட்டுக்கும் போய்ப் பார்க்கலாம் என்றார் பச்சமுத்து. ஆனால் பாதி ஊரில் சர்வே எண் மட்டும் வைத்துக்கொண்டு, “உங்க காட்டுல புகைப் போர் இருக்குதா” என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள்.

இரண்டு நாள் அந்தப் பத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, விதியின் மறுபாதி நினைவுக்கு வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே பச்சமுத்து வீட்டுக்குப் போனாள். அவர் கட்டுத்தாரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார்.

“மாமா, டிக்கெட் இல்லாதவங்களைக் கண்டக்டர் ஒவ்வொருத்தரா எறக்கி விடறார்னு வெச்சுக்கோங்க. முன் சீட்லருந்து பின் சீட் வரைக்கும் வரிசையா. எல்லாரும் ஒரே ஸ்டாப்புல நிக்கறாங்க. எப்படி நிப்பாங்க?”

“எறங்குன வரிசையிலதான் நிப்பாங்க.”

“குறிப்பும் அப்படித்தான் நிக்குது. வெளிய வந்துருச்சே தவிர வரிசை மாறலை. இதுக்கு முன்னால நிக்கறது யாரு, பின்னால நிக்கறது யாருன்னு தெரிஞ்சா, இது அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது.”

பச்சமுத்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார். “முன்னால என்ன எழுதியிருக்குது, படி.”

“‘மோட்டார் கயிறு அறுந்து உள்ளே விழுந்தது நாலு நாள் முயன்றும் எடுக்க முடியவில்லை’.”

“மோர்பாளையம்!” என்றார் அவர். கேட்ட மாத்திரத்தில் வந்தது. “நாலு நாளும் நானும் அண்ணனும்தான் தூண்டில் போட்டுட்டு உக்காந்திருந்தோம். அஞ்சாம் நாளு தோட்டத்துக்காரரு சோறு போடறதையே நிறுத்திப்போட்டாரு.”

மோர்பாளையம் அட்டவணையில் ஒரே ஒரு வரிசை. நூற்றுப் பதினெட்டு.

அடுத்து நிற்கிற குறிப்பு, ‘340ல் கல் சரிந்து டிரில் பிட் மாட்டியது நிறுத்தியாச்சு’. முந்நூற்று நாற்பது அடியில் நின்ற போர் மொத்தப் பக்கத்திலும் ஒன்றுதான். நூற்று முப்பத்தொன்று.

நடுவில் பன்னிரண்டு வரிசை. அதில் புகை மூன்று. நூற்று இருபத்தொன்று, நூற்று இருபத்தாறு, நூற்று இருபத்தொன்பது.

பச்சமுத்து மூன்றுக்கும் வழி சொன்னார்; பிறகு வழி சொன்னால் போதாது என்று தானே சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார். வெயில் ஏறியிருந்தது. “மெதுவாப் போ பாப்பா. உங்கப்பன் மாதிரியே குண்டுங்குழியும் பாக்காம ஓட்டற.”

நூற்று இருபத்தொன்று காடாகவே இல்லை. மனை போட்டு விற்று, வீடு எழும்பியிருந்தது. போர் இருந்த இடத்துக்கு மேல் கார் நிறுத்தும் தளம். கான்கிரீட் போடும்போது உள்ளே மண்ணும் கல்லும் நிரப்பினதாக வீட்டுக்காரர் சொன்னார். அப்படி ஒரு போர் இருந்ததைத் தன் மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

நூற்று இருபத்தாறு பருத்திப்பள்ளிக்குத் தெற்கே ஒரு மரவள்ளிக் காட்டின் மூலையில் இருந்தது. மூடியிருந்தது. இரண்டடிக்கு இரண்டடி சிமென்ட் பலகை. ஈரமாக இருக்கும்போதே ஆணியால் தேதி கீறியிருந்தது. சின்னண்ணன் ஐந்தைப் போடுகிற விதம் தனி. வாலை மேலே தூக்கி விடுவார். கனிஷ்கா குனிந்து அந்த ஐந்தின் மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். வேறொன்றும் செய்யவில்லை. பச்சமுத்து அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று பீடி தேடினார். வெகு நேரம் தேடினார்.

நூற்று இருபத்தொன்பது மாமுண்டிப் பக்கம். தார் ரோட்டிலிருந்து பிரிகிற மண் தடம், இரண்டு பக்கமும் வேலி, தடத்தின் முடிவில் ஓட்டுச் சாளை வீடு. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சோளத்தட்டை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். கந்தம்மாள் என்று பச்சமுத்து வண்டியில் வரும்போதே சொல்லியிருந்தார்.

“யாருங்க அது?”

“போர் ஏஜென்ட் சின்னண்ணன் மகளுங்க,” என்றார் பச்சமுத்து.

கந்தம்மாள் அரிவாளைக் கீழே போட்டாள். “அட, அவரு வரலீங்களா? செவ்வாக்கிழமை மூடியக் கொண்டாரேன்னு சொல்லீட்டுப் போனவரு. நானும் எத்தனை செவ்வாய் பாக்கறது? போனு போட்டா எடுக்கறதில்லை. வாயி மட்டும் ஏழூருக்குக் கேக்குது, ஆளக் காணோம். நீயாச்சும் உங்கப்பனுக்கு எடுத்துச் சொல்லு சாமி.”

பச்சமுத்து வாயைத் திறந்தார். கனிஷ்கா அவரை முந்திக்கொண்டாள். “அப்பா இறந்துட்டாருங்க அத்தை. சித்திரையில.”

கந்தம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “அய்யோ சாமி. தெரியாம வாயை உட்டுப்போட்டனே.” பிறகு, யாரும் கேட்காமலே, “என்ற ஊட்டுக்காரரு இந்தப் போரைப் பத்தி வெளிய மூச்சு உடக்கூடாதுன்னுட்டாரு. எழுநூத்தி இருபது அடி. அவரு போனதுக்கப்புறம் உங்கப்பா வந்தாரு. ‘இனி யாருக்கு மறைக்கறீங்க, வாங்க காட்டுங்க’ன்னு கூட்டீட்டுப் போயி அளவெடுத்தாரு,” என்றாள்.

அவளே முன்னால் நடந்து காட்டினாள். வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவு சந்து. அதன் வழியாக ஒற்றையடித் தடம் காட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. தடத்திலிருந்து நாலு தப்படியில் வேலிமுள்ளைக் குவித்து வைத்திருந்தது. காய்ந்து பாதி காற்றில் போயிருந்தது.

“அவருதான் வெட்டிப் போட்டுட்டுப் போனாரு. நான் மேல ரெண்டு மறுக்காப் போட்டேன். ஆடு இழுத்துப்போடுது, காத்து இழுத்துப்போடுது. புள்ளைங்க லீவுன்னு சும்மா இருக்கறேன். தொறந்துட்டாங்கன்னா, ஒண்ணாங்கிளாசு ரெண்டாங்கிளாசெல்லாம் இப்படித்தான் ஓடியாரும்.”

பச்சமுத்து முள்ளை ஒரு கழியால் தள்ளினார். கறுப்பாக ஒரு வாய். ஓரத்து மண் உள்பக்கமாக உதிர்ந்திருந்தது. எட்டிப் பார்க்கும் தூரத்துக்கு அவர் கனிஷ்காவை விடவில்லை, முன்கையைப் பிடித்துக்கொண்டார்.

“இதுதான்,” என்றார்.

கனிஷ்காவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்த மூச்சிலேயே, கண்டுபிடித்ததைச் சொல்ல ஆள் இல்லை என்பது வந்தது. அப்பாவுக்குப் போன் போட்டு, “நூத்தி இருபத்தொம்போதுதானேப்பா?” என்று கேட்டால் அவர் என்ன சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியும். அதுக்கு எதுக்கு சாமி மூணு நாளு, என்னைக் கேட்டா ஒரு நிமிசத்துல சொல்லியிருப்பன்ல, என்பார்.

“மூடி எங்க செய்யறாருன்னு ஏதாச்சும் சொன்னாருங்களா?” என்று பச்சமுத்து கந்தம்மாளிடம் கேட்டார்.

“ராசிபுரம் ரோட்டுல ஒரு வெல்டிங் பட்டறையில சொல்லியாச்சுன்னாரு.”

அந்த ரோட்டில் பட்டறை மூன்றோ நாலோதான். பச்சமுத்து இரண்டாவதாகப் போட்ட போனில் ஆள் கிடைத்தது. ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடும் சத்தம், பிறகு அது நின்றது.

“சின்னண்ணனுங்களா? ஆமாங்க. ஒன்றரை அடி வாய்க்கு ரெண்டடி வட்டத் தகடு, கீழ மூணு காலு. அது செஞ்சு ஒரு மாசமாச்சுங்களே. நாங்க கொண்டாந்து போட்டுத் தர்றோம்னு சொன்னேனுங்க. வேண்டாம், நானே வந்து எடுத்துட்டுப் போயி நின்னு போட்டாத்தான் சரியா வரும்னாரு. செவத்துல சாத்தி வெச்சிருக்குதுங்க. எப்ப வர்றாரு?”

பச்சமுத்து கனிஷ்காவைப் பார்த்தார். அவள் போனை வாங்கி, பட்டறை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டாள்.

ஆறு மணி வரை என்றார்கள். அப்போது மணி நாலே கால்.